கட்டைமீனுக்குக் கண் வைத்தவள்

பதினாறு நாள் ஆனேக்கல்லில் மகள் வீட்டில் இருந்துவிட்டுத் தனக்கோடி திரும்பி வந்தபோது அவளுடைய பத்து விரல்களும் புதிதாக இருந்தன. பஸ்ஸில் வரும்போதே நாலைந்து தடவை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வெடிப்பு இல்லை. நீர் வடியவில்லை. நகக்கண்ணில் காய்ந்திருந்த பொருக்கெல்லாம் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தோல் வந்திருந்தது. மகள் ஸ்னேஹா வீட்டில் கடைசி நாலு நாள் பச்சை மிளகாயை அவளே நறுக்கினாள், புளியை அவளே கரைத்தாள். எரியவில்லை. புளி கரைத்ததற்கா இவ்வளவு சந்தோஷம் என்று மருமகன் சிரித்தான். அவனுக்கென்ன, இரண்டு வருஷமாகப் புளித்தண்ணீரில் கை வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள் அவளல்லவா.

லிங்கராஜபுரத்தில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள். அந்த வருஷம் மார்ச் பிறந்ததும் பிறக்காததுமாகத் தெருவில் போர்வெல்களெல்லாம் வற்றிவிட்டன. முனையில் தண்ணீர் லாரியைச் சுற்றிக் குடமும் பக்கெட்டுமாக ஒரே சத்தம். ஓனரம்மா மாடிப்படியில் உட்கார்ந்து யாருக்கு எத்தனை பக்கெட் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தாள். தனக்கோடியைப் பார்த்ததும், "பந்த்யா, வந்தாச்சா? உங்க வீட்டுக்காரர் உங்க பங்கைப் பிடிச்சிட்டாரு, போங்க" என்றாள்.

இரண்டாவது மாடியில் கதவு திறந்திருந்தது. அப்பாதுரை தோளில் துண்டோடு வாசலிலேயே நின்றான்.

"வா வா. செருப்ப வெளியவே விடு. வீடு தொடச்சு வச்சிருக்கேன்."

"நீங்களா?"

"பின்ன யாரு? மூலை முடுக்கெல்லாம் தொடச்சேன். மண்டி போட்டுத் தொடச்சேன்."

ஆண்பிள்ளை வீடு துடைத்தால் அதை அறிவிக்காமல் இருக்க முடியாது. அது போகட்டும். தனக்கோடிக்கு உண்மையிலேயே மனசு குளிர்ந்தது. தரை பளிச்சென்று இருந்தது. அவள் வேலை செய்யும் மேஜை காலியாக இருந்தது. பிசின் பாட்டில்கள் இரண்டும், சுற்றிக்கொண்டே இருக்கும் மோட்டாரும், பெயின்ட் கரைக்கும் தின்னர் டப்பாவும் ஒன்றுமே இல்லை.

"எல்லாத்தையும் மொட்டை மாடிக்கு ஏத்திட்டேன். தண்ணி டேங்கு அடியில ஷீட்டு கட்டி வச்சிருக்கேன். இனிமே கோட்டிங் அங்கதான். வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வராது. போதுமா?"

"யாரு பண்றது கோட்டிங்?"

"பாப்போம். நான் பண்றேன். ஒண்ணொண்ணா கத்துக்கிட்டா ஆச்சு."

அவன் குழம்பும் சோறும் ஆக்கி வைத்திருந்தான். முருங்கைக்காய் கொஞ்சம் குழைந்துபோயிருந்தது. தனக்கோடி கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, துடைத்த தரையில் கையை ஊன்றிக்கொண்டு, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

*

அப்பாதுரை முப்பது வயதிலிருந்து பீன்யாவில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இருந்தவன். இரும்பை உருக்கி ஊற்றும் முன்னால் மணலில் அச்சுப் பதிக்க மரத்தில் ஒரு மாதிரி வேண்டுமே, அதைச் செய்பவன். நூலளவு பிசகினால் அவனுக்குத் தூக்கம் வராது. பட்டறையில் மரத்துக்குப் பதில் மெஷின் வந்ததும் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் அவனும் ஒருவன். பிறகு கதவு சரிசெய்வது, அலமாரிக்குக் கீல் போடுவது என்று வீடு வீடாக அலைந்தான். அப்படிக் குக் டவுனில் ஒரு வீட்டுக்குப் போனபோதுதான் டெஸ்மண்ட் சாரைப் பார்த்தான்.

டெஸ்மண்ட் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். தூண்டில் பைத்தியம். காரை எடுத்துக்கொண்டு உடுப்பி பக்கம் கழிமுகத்துக்குக் கொடுவா பிடிக்கப் போவார், காவேரிக் கரையில் போய் உட்காருவார். உயிருள்ள புழுவை மாட்டி மீன் பிடிப்பது அவர்கள் கூட்டத்துக்குக் கௌரவக் குறைச்சல். மரத்தில் செய்து வண்ணம் அடித்த பொய் மீன்தான் வேண்டும். தண்ணீரில் இழுத்தால் அது அடிபட்ட குட்டி மீன் மாதிரி நெளிந்து ஓட வேண்டும். பெரிய மீன் ஏமாந்து கவ்வ வேண்டும். வெளிநாட்டில் இருந்து வந்த அப்படி ஒன்று உடைந்துபோய், அதைக் காட்டி, "துரை, இதே மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா?" என்று கேட்டார். மூன்று நாளில் அப்பாதுரை கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் வீட்டுத் தொட்டியில் அது நெளிந்து நெளிந்து ஓடியது. சார் கை தட்டினாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் உட்காரவே இல்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

ஆறு வருஷமாக அந்தக் கட்டைமீன்தான் வீட்டுக்குச் சோறு. சார் மூலமாக யார் யாரோ கேட்டார்கள். பீன்யாவில் மெஷின் வந்து இறங்கும் பைன் மரப் பெட்டிப் பலகையை வாங்கி வந்து அப்பாதுரை அறுப்பான், சீவுவான், வயிற்றில் துளை போட்டு ஈயம் ஊற்றுவான், வாய்க்குக் கீழே கண்ணாடி மாதிரி ஒரு தகட்டைச் செருகுவான். அதற்கு நாக்கு என்று பெயர். நாக்கு கோணினால் மீன் கோணும். பிறகு குளியலறையில் இருக்கும் நீளத் தொட்டியில் விட்டு இழுத்துப் பார்ப்பான். அதோடு அவன் வேலை முடிந்தது.

மிச்சம் எல்லாம் தனக்கோடி. வெங்காய மூட்டை வலையை மீன் உடம்பில் இழுத்துக் கட்டி அதன்மேல் வண்ணம் ஊதினால் செதில் செதிலாக விழும் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். குண்டூசித் தலையை வண்ணத்தில் தொட்டுக் கண் வைப்பாள். முதலில் மஞ்சள், அது காய்ந்ததும் கறுப்பு, கறுப்பின் ஓரத்தில் எள்ளளவு வெள்ளை. அந்த வெள்ளை விழுந்ததும் மரம் நம்மைத் திரும்பிப் பார்க்கும். கடைசியாகக் கோட்டிங், அதாவது மேலே பளபளவென்று இறுகும் பிசின். இரண்டு பாட்டிலில் இருந்தும் சரி அளவு எடுத்து, குமிழ் வராமல் மெதுவாகக் கலக்கி, மீனுக்குப் பூசி, கோழி சுடும் அடுப்பில் இருந்து கழற்றிய மோட்டாரில் மாட்டிச் சுற்ற விட வேண்டும். என்னதான் மெதுவாகக் கலக்கினாலும் குமிழ் வரும். அதற்கும் அவளே வழி கண்டாள். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய், வாயைத் திறந்து, ஹா என்று ஆவி விட்டால் குமிழ் உடைந்துவிடும். ஊதக் கூடாது, ஆவிதான் விட வேண்டும். ஒரு மீனுக்கு இருபது தடவை, முப்பது தடவை. வேலை முடிந்ததும் கையில் ஒட்டியதைத் தின்னர் போட்டுத் துடைப்பாள். அப்படித்தான் துடைக்க வேண்டும் என்று அப்பாதுரைதான் சொல்லிக்கொடுத்தான். பட்டறையில் எல்லாரும் அப்படித்தான்.

நாலாவது வருஷம் விரல் இடுக்கில் அரிப்பு வந்தது. சோப்பு மாற்றிப் பார்த்தாள். பாத்திரம் தேய்க்கும் பொடியை மாற்றினாள். தேங்காயெண்ணெய், மஞ்சள், பக்கத்துத் தெரு பாய் கடைக் களிம்பு எல்லாம் ஆயிற்று. ஆறாவது வருஷம் கண் இமை வீங்கி, காலையில் எழுந்தால் இரண்டு கண்ணும் கீற்றாகத் திறந்தது. அப்போதுதான் சிவாஜிநகர் பக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். தோல் டாக்டரம்மா முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன ஒட்டுப் போட்டு இரண்டு நாள் குளிக்காதே என்று அனுப்பினாள். பிரித்தபோது ஒரே ஒரு இடம் மட்டும் கொப்பளித்துச் சிவந்திருந்தது. அது பிசின்.

"தொடறது மட்டும் இல்லம்மா, அந்த ஆவியே ஆகாது. தூளும் ஆகாது. ஒரு தடவ உடம்பு இத எதிரின்னு முடிவு பண்ணிடுச்சுன்னா அப்புறம் சமாதானமே கெடையாது. மருந்து போட்டா அடங்கும், திரும்பப் பட்டா திரும்ப வரும். வீட்டுல ஒண்ணு நீங்க இருக்கணும், இல்ல அது இருக்கணும்."

எதற்கும் இரண்டு வாரம் வேறு இடத்தில் இருந்து பாருங்கள் என்றாள். இருந்து பார்த்தாயிற்று. பத்து விரலும் புதிதாக வந்தாயிற்று.

*

மூன்றாம் நாள் காலையில் தனக்கோடிக்கு வலது கண் திறக்கவில்லை.

பாயில் உட்கார்ந்து கையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க எறும்பு கடித்த மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. முழங்காலிலும் இருந்தது. அழக்கூட அலுப்பாக இருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அப்பாதுரை காபி டம்ளரோடு வந்து, பார்த்து, டம்ளரைக் கீழே வைத்தான்.

"இன்னா இது?"

"அத நீங்கதான் சொல்லணும்."

"நான் எதையும் உள்ள கொண்டாரலயே. பாபாசாகேப் படத்து மேல ஆணையா சொல்றேன் தனம், பாட்டில் மாடியிலதான் கீது. நீ எதனா தொட்டியா?"

"நான் எதுக்குத் தொடறேன்? பதினாறு நாள் தவம் இருந்துட்டு வந்து தொடுவனா?"

"மேல ஏறினியா?"

"இல்ல."

"அப்பறம் எப்படி வரும்? அந்த ஆனேக்கல் சாப்பாடு எதனா ஒத்துக்காம..."

"அங்க இருந்த வரைக்கும் ஒத்துக்குச்சாம், இங்க வந்ததும் ஒத்துக்கலயாம். நல்லா பேசறீங்க."

அவள் தரையில் கையை ஊன்றி எழுந்தாள். எழும்போது உள்ளங்கையில் ஏதோ நறநறத்தது. ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்த்தாள். ஜன்னல் வெயில் சாய்வாக விழும் இடத்தில் தரைமேல் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. கோலமாவைக் கரைத்து ஊற்றிக் காயவிட்டால் இருக்குமே, அப்படி மெலிசாக.

"எந்தத் தண்ணில தொடச்சீங்க வீட்ட?"

"தொட்டித் தண்ணிதான்."

"அதுல இன்னா பண்ணீங்க அதுக்கு முன்னாடி?"

அப்பாதுரை குனிந்து தரையை விரலால் தொட்டுப் பார்த்தான். அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"பழைய லாட் பன்னண்டு உருப்படி திரும்பி வந்துச்சில்ல, மேல்பூச்சு மேடு பள்ளமா கீதுன்னு? அத உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். நீ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னுதான். டாக்டரம்மா தூள் ஆகாதுன்னு சொன்னாங்களே, அதனாலதான் தண்ணிக்குள்ள முக்கி முக்கித் தேச்சேன். ஒரு தூள் பறக்கல தனம்."

"அந்தத் தண்ணிய..."

"ஒரு தொட்டித் தண்ணி. கொட்டிட முடியுமா? டேங்கர் எப்போ வரும்னே தெரியல. செடிக்கு ஊத்தினா செத்துப்போகும், வேற எதுக்கு ஆகும்? வீடு தொடச்சிட்டேன்."

ஒவ்வொன்றும் யோசித்துத்தான் செய்திருக்கிறான். தூள் பறக்கக் கூடாது என்று யோசித்தான், தண்ணீர் வீணாகக் கூடாது என்று யோசித்தான், வருகிறவள் கண்ணுக்கு வீடு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று யோசித்தான். மூன்று யோசனையும் சேர்ந்து பிசின் தூளை மூலை முடுக்கெல்லாம் மண்டி போட்டுப் பூசிவிட்டன. செடி செத்துப்போகும் என்று தெரிந்தவனுக்கு அதற்குமேல் ஓடவில்லை.

தனக்கோடிக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு தன் காலடித் தரையையே பார்த்து நின்ற விதத்தில் பாவமாகக்கூட இருந்தது.

"விடுங்க. தெரியாமதானே பண்ணீங்க" என்றாள். "இன்னைக்கே ஆனேக்கல்லுக்குத் திரும்பிடறேன். ஸ்னேஹாவுக்கு ஒரு போன் போடுங்க."

"சாயங்காலம் போயேன். பதினோரு மணிக்கு சார் வர்றாரு."

"அவரு வந்தா எனக்கென்ன?"

"நாப்பது உருப்படி கேட்டாரே, தூண்டில்காரங்க மீட்டிங்குக்கு. எங்க எங்கன்னு நிக்கிறாரு. நான் ஒருத்தனே நின்னு பதில் சொல்றதுன்னா... நீ ஒரு காபி மட்டும் போட்டுக் குடுத்துடு. வெளிய வர வேணாம். இந்த மூஞ்சியோட வேணாம்."

*

டெஸ்மண்ட் சார் எப்போதும் படி ஏறி வந்ததும் இரண்டு நிமிஷம் பேச மாட்டார். மூச்சு வாங்க வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பியால் விசிறிக்கொண்டார். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு பழைய புடவைத் திரைதான். தனக்கோடி அதற்குப் பின்னால் நின்று, ஒற்றைக் கண்ணால் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக அவர் வரும்போதெல்லாம் அவள் நிற்கும் இடம் அதுதான். காபியை அப்பாதுரை வந்து வாங்கிப் போவான்.

"என்ன துரை, டேபிள் காலி? என் நாப்பது எங்கே மேன்?"

"மரம் எல்லாம் ரெடி சார். ஃபினிஷிங்தான் லேட்டு. கண்ணு வலி எனக்கு."

"உனக்கா? பாக்க நல்லாத்தானே இருக்கே."

"இப்பதான் சார் விட்டுச்சு."

திரைக்குப் பின்னால் தனக்கோடி வீங்கின இமையைத் தொட்டுக்கொண்டாள்.

"கையக் காட்டு" என்றார் டெஸ்மண்ட்.

"எதுக்கு சார்?"

"காட்டு மேன்."

ஸ்டூலை முன்னால் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"சூப்பர். ஒரு வெடிப்பு இல்ல. குழந்தை கை மாதிரி வச்சிருக்கே. எனக்கு அதான் பயம் இருந்திச்சு. மங்களூர்ல என் ஃப்ரெண்டு ஒருத்தன், இதே கோட்டிங், நாலு வருஷம் பண்ணான். க்ளவுஸ் இல்ல, மாஸ்க் இல்ல. இப்போ அந்த பாட்டிலத் திறந்தாலே மூஞ்சி பூரி மாதிரி உப்புது. ஆயுசுக்கும் தொட முடியாது. அவ்வளவுதான், ஃபினிஷ். அதுக்குத்தானே உனக்கு முதல் பாட்டில் குடுத்த அன்னைக்கே மாஸ்கும் குடுத்தேன்? இது இல்லாம மூடியத் திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அதோ ஆணியில தொங்குது. குட். ஃபில்ட்டர் மாத்தினியா எப்பவாவது? இல்லல்ல? அதான், புதுசு வாங்கிட்டு வந்தேன். இந்தா. ஒரு ஆளுக்குத்தான் வாங்கினேன். ஹெல்பர் யாராவது வச்சிருக்கியா? சொல்லு, இன்னொரு செட் அனுப்பறேன்."

"இல்ல சார். நான் ஒருத்தன்தான்."

"அந்த கண்ணு வைக்கிறது எல்லாம்?"

"எல்லாம் நம்ம கைதான் சார்."

"க்ரேட் மேன். காவேரில போன மாசம் ஒருத்தன் உன் மீன பிளாட்டினம் மாதிரி பொத்திப் பொத்தி வச்சிருக்கான். கண்ணப் பாரு, கண்ணப் பாருன்னு எல்லார் கிட்டயும் காட்டறான்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தனக்கோடி அணைக்கவில்லை.

அந்த முகமூடி அவளுக்குத் தெரியும். சாம்பல் நிற ரப்பரில், இரண்டு பக்கமும் கன்னம் மாதிரி உருண்டையாக இருக்கும். மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அப்பாதுரை மாட்டிக்கொள்வான். இது என்னங்க என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். தூளுக்கு, என்றான். மரத்தூள் நெஞ்சில் போனால் கெடுதல், பட்டறையில் எத்தனை பேருக்கு இருமல் வந்தது தெரியுமா என்றான். அவளும் நல்லது, போட்டுக்கோங்க என்றாள். நாடா நைந்தபோது அவளே தைத்துக்கொடுத்தாள்.

சார் கிளம்பினார். அடுத்த வாரம் வருகிறேன், அவசரம் இல்லை, கண்ணைப் பார்த்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். அவர் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது.

*

தனக்கோடி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அது தூளுக்குன்னு சொன்னீங்களே."

அப்பாதுரை புது ஃபில்ட்டர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"தூளுக்கும் ஆகும்" என்றான்.

"அவரு எதுக்குக் குடுத்தாரு?"

"தனம், மொதல்ல நாலஞ்சு உருப்படி நான்தானே கோட்டிங் பண்ணேன்? வழிஞ்சு வழிஞ்சு போச்சு. நீ தள்ளுங்கன்னு வாங்கிப் பண்ணே. நல்லா வந்துச்சு. அப்படியே உன் கைக்குப் போயிடுச்சு. மாஸ்க் என் ஆணியிலயே நின்னுடுச்சு. வேணும்னு பண்ணலயே நான்."

"வேலைய மட்டும் இந்தக் கைக்குக் குடுக்கத் தெரிஞ்சுதே."

"மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன். அதுவும் இல்லாம, அதப் போட்டுக்கினா நீ எப்படி ஆவி விடறது? குமிழ் எப்படி உடையும்?"

இதைச் சொன்னதும் அவளுக்கு உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. முப்பது வருஷமாக அவனை நீங்க என்றுதான் பேசுவாள். கோபத்திலும் நீங்கதான்.

"அப்போ பாத்துக்கினுதானே இருந்தே?" என்றாள். "மூஞ்சிய அது மேல வச்சு ஆவி விடறப்போ, அங்க உக்காந்து, மாஸ்க்க மாட்டிக்கினு, பாத்துக்கினுதானே இருந்தே? மூடியத் திறக்காதேன்னு அவரு சொன்னது ஒரு நாள் கூட ஞாபகம் வரல? நான் களிம்பு பூசறப்போ வரல? புளி கரைக்க முடியாம பக்கத்து வீட்டு ஷோபாவக் கூப்புடறப்போ வரல? முதுகுல ஒட்டுப் போட்டுக்கினு வந்து படுத்தேனே, அப்போ?"

அப்பாதுரை கீழே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபிறகுதான் எந்தத் தரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்து, கையைத் தூக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"டாக்டரம்மா சொன்ன அன்னைக்கு ஞாபகம் வந்துச்சு" என்றான்.

"வந்துச்சா?"

"ம்."

"அப்பவாச்சும் சொன்னியா?"

"எப்படிச் சொல்றது தனம்?"

தெருவில் தண்ணீர் லாரி திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. யாரோ பக்கெட்டை உதைத்துக்கொண்டு ஓடினார்கள். தனக்கோடி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மேஜையில் ஆறு வருஷத்தில் எத்தனை கண் வைத்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இப்போது ஒரு கண்ணால் நின்றுகொண்டிருந்தாள். கால் வலித்தது.

"இன்னொண்ணு கேட்டிருக்கலாமே" என்றாள், குரலை இறக்கி. "அவரு நல்ல மனுஷன். இன்னொரு மாஸ்க் குடுங்க சார்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பாரு. இப்பக்கூடத் தானா வந்து கேட்டாரே."

"கேட்டா யாருக்குன்னு கேப்பாரு" என்றான் அப்பாதுரை.

யோசிக்காமல் சொல்லிவிட்டான். சொன்னதை அவனே கேட்டான். அவளும் கேட்டாள். அதற்குமேல் அதை எந்தப் பக்கமும் திருப்ப முடியாது. பட்டறையில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கதவு சரிசெய்யப் போன வீடுகளில் ஏய் கார்பென்ட்டர் என்றார்கள். சார் ஒருவர்தான் கை தட்டினார். அந்தக் கைதட்டலில் பாதியைக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். அது தனக்கோடிக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் அவளுக்கு அவ்வளவு வலித்தது.

ஜன்னல் பலகையில் இருந்த அவன் போனை எடுத்தாள். டெஸ்மண்ட் சார் பெயர் முதலிலேயே இருந்தது.

"தனம், வேணாம். நான் பேசறேன். நாளைக்கு நானே..."

"சார், நான் துரை வீட்டுல பேசறேன்" என்றாள் போனில். "கெளம்பிட்டீங்களா? ஒரு நிமிஷம் மேல வர முடியுமா? சிரமந்தான். நானே எறங்கி வந்திருப்பேன், ஆனா கண்ணு தெரியல எனக்கு."

*

அவர் ஏறி வர நேரம் ஆயிற்று. தனக்கோடி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளவில்லை. வாசலுக்கு நேரே, வெளிச்சத்தில் நின்றாள்.

டெஸ்மண்ட் கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். அவளைப் பார்த்தார். வீங்கின கண்ணைப் பார்த்தார், அவள் முன்னால் நீட்டிய இரண்டு கையையும் பார்த்தார்.

"என் பேரு தனக்கோடி சார். மரம் அவரு செதுக்கறது. நாக்கு வச்சு, தண்ணில ஓட விடறது அவரு. அதுக்கு மேல எல்லாம் நான்தான். செதில், கண்ணு, கோட்டிங். ஆறு வருஷமா. இனிமே முடியாது. அந்த நாப்பதும் வராது சார். அத சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"துரை?" என்றார் டெஸ்மண்ட்.

"ஆமா சார்" என்றான் அப்பாதுரை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு தலையைத் தூக்கி இன்னொரு தடவை சொன்னான். "எல்லாம் அவதான் சார். நான் பொய் சொன்னேன்."

இந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஏங்கியதே இல்லை என்று சொல்ல முடியாது. கடையில், கல்யாண வீட்டில், உன் வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று கேட்கும்போது, நானும்தான் பண்றேன் என்று நாக்கு நுனி வரை வந்திருக்கிறது. இன்றைக்கு வந்து சேர்ந்தபோது அதை வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை. உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது.

டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சாரிம்மா" என்றார். "நான் உள்ள வந்து பாத்திருக்கணும். இத்தனை தடவ காபி குடிச்சிருக்கேன்." அப்புறம் அப்பாதுரை பக்கம் திரும்பி, "அந்த பாட்டில், மோட்டார், டப்பா, எல்லாத்தையும் என் கார்ல ஏத்து. இந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்றார். குரல் வேறாக இருந்தது. அப்பாதுரை மொட்டை மாடிக்கு ஓடினான்.

இரண்டு நடையில் எல்லாம் இறங்கிவிட்டது. ஆணியில் தொங்கிய முகமூடியையும் அவன் எடுக்கப் போனான்.

"அது இருக்கட்டும்" என்றாள் தனக்கோடி. "நாளைக்குக் கதவு வேலைக்குப் போனா மரத்தூளுக்கு ஆகும்."

கார் போன பிறகு அவன் வாசலிலேயே நின்றான். உள்ளே வர அவனுக்குக் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது. தனக்கோடி ஆனேக்கல்லில் இருந்து கொண்டுவந்த பையை எடுத்தாள். மூன்று நாளாக அது பிரிக்கப்படாமலேயே இருந்தது. உதறிவிட்டுத் தோளில் மாட்டினாள்.

"பஸ் ஏத்தி விடறேன்" என்றான்.

"வேணாம். ஷோபாவக் கூட்டிக்கினு போறேன்."

"எப்போ வருவே?"

"கை ஆறணும்."

"ஆறினா வருவியா?"

அவள் செருப்பை மாட்டினாள். இடது கால் செருப்பு வலது காலுக்குப் போயிற்று. கழற்றி மாற்றிக்கொண்டாள்.

"வீட்ட நல்ல தண்ணில ஒரு வாட்டி தொடச்சிடு" என்றாள். "சுவரு, கதவு, மேஜை எல்லாம். ரெண்டு வாட்டி தொட."

"தொட்டில ஒண்ணும் இல்ல தனம். நம்ம பங்கு காலையிலயே முடிஞ்சுபோச்சு. டேங்கர் இனிமே வெள்ளிக்கிழமைதான்."

"குடிக்கிற தண்ணி கேன் ரெண்டு இருக்குதில்ல?"

"அது குடிக்க."

"அதுல தொட."

தனக்கோடி சுவரைத் தடவிக்கொண்டு படி இறங்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு படியாகக் காலை வைத்துப் பார்த்துத்தான் இறங்க முடிந்தது. முதல் மாடித் திருப்பத்தில் கொஞ்சம் நின்றாள். மேலே சத்தம் எதுவும் இல்லை. இன்னும் இரண்டு படி இறங்கினாள். அப்போதுதான் கேன் மூடியைப் பிய்க்கும் சத்தமும், பிறகு தண்ணீர் குபுக் குபுக்கென்று பக்கெட்டில் விழும் சத்தமும் கேட்டன.